காலாவதியில் உள்ளது

சென்ற மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து நிஷா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் குமுளிக் கிளையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். வாடிக்கையாளர்களுக்குப் போகும் செய்திகளை இனிமேல் கம்ப்யூட்டரே மலையாளம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் எழுதி அனுப்பிவிடுமாம். நிஷாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "சேச்சி, தமிழ் மட்டும் ஒருக்கா நோக்கித் தாங்க" என்று எனக்கு அனுப்பியிருந்தாள். நாலே வரி. கப்பல் பயணம் ரத்தானவர்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்டைப் பற்றியது. மூன்றாவது வரிக்கு வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வரியில் 'காலாவதி' என்ற சொல் இருந்தது.

அந்தச் சொல்லால் நான் பட்ட பாட்டை நிஷாவிடம் போனிலேயே சொல்ல ஆரம்பித்தேன். பாவம், அவள் முன்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் கிளம்பிய பிறகு கேஸை அடைத்தோமா என்று நினைப்பு வந்து பாதி வழியில் இறங்கியிருக்கிறேன். இப்படிப்பட்டவள் பயண ஏஜென்சியில் இருபத்தாறு வருஷம் தள்ளியதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எங்களுடையது பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டில் நெல்லும் மாந்தோப்பும் பார்த்த குடும்பம். வீட்டில் பேசியது கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது முழுக்க மலையாளம். தமிழ் எழுத்தை பஸ் போர்டையும் வாரப் பத்திரிகையையும் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன். பட்டம் வாங்கிய கையோடு பாலக்காடு டவுனில் அனிபா ராவுத்தரின் ஏஜென்சியில் சேர்ந்தேன். வளைகுடா டிக்கெட், விசா என்று முதல் பத்து வருஷம் ஓடிப்போனது. பிறகுதான் கொச்சியிலிருந்து கப்பல் சுற்றுலா வந்தது. அதோடு என் தூக்கமும் போனது.

விமான டிக்கெட் ரத்து ஒரு மாதிரி, கப்பல் ரத்து வேறு மாதிரி. கப்பலுக்கு நாள் கணக்கு. புறப்படுவதற்கு அறுபது நாளுக்கு முன்னால் வேண்டாம் என்றால் முன்பணம் மட்டும் போகும். முப்பது நாளுக்குள் என்றால் பாதி போகும். பதினைந்து நாளுக்குள் என்றால் ஒன்றுமே திரும்பாது. ஆளை மாற்றினால் அதுவும் ரத்துதான். இதையெல்லாம் எட்டுப் பக்கத்துக்குப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

ராவுத்தர் அதை விடமாட்டார். மேஜையில் ஒரு மர அடிக்கோல் வைத்திருப்பார். நிபந்தனைத் தாளை வாடிக்கையாளர் முன் விரித்து, ஒவ்வொரு வரிக்கும் அடியில் கோலை வைத்து வாசிப்பார். வாசித்து முடித்ததும் "இனி நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்பார். வந்தவர் வக்கீலாக இருந்தாலும் சரி, தன் வாயால் திருப்பிச் சொன்னால்தான் பேனாவைக் கொடுப்பார். எங்கள் ஆபீசில் அவர் தடை செய்த வார்த்தை ஒன்றும் இருந்தது. 'பயப்படாதீங்க' என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது.

"டாக்டரு சொல்லலாம் பயப்படாதேன்னு. அவரு கையில மருந்து இருக்கு. நம்ம கையில என்ன இருக்கு, கோமதி? பயப்பட வேண்டியது எதுன்னு மொதல்ல சொல்லு. அப்புறம் ஆளு தானா தைரியமாயிருவான்" என்பார். என்னைப் பார்த்துக்கொண்டே "ஒனக்கு அது சுலபம். நீ பயப்படாத எடமே இல்லையே" என்றும் சேர்த்துக்கொள்வார்.

கப்பல் வேலைக்கு நான் புதிது. எலப்புள்ளிக்காரர் ஒருவர் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். பாயசத்தை வழித்துக்கொண்டே, "அந்தக் கப்பலு வேண்டாமுங்க, ரத்து பண்ணிருங்க" என்றார். அது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் விடுமுறை. செவ்வாய் காலை கம்பெனிக்கு எழுதினேன். ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் பாதி போய்விட்டது. அவர் ஆபீசுக்கு வந்து கத்தினார். அவர் சொன்னது ஞாயிறு, என் கணக்கும் ஞாயிறு, கம்பெனிக்கோ எழுத்தில் கிடைத்த செவ்வாய்தான் கணக்கு. ராவுத்தர் எழுந்து நின்று, "தப்பு எங்களோடதுங்க" என்று அவரிடம் சொல்லிச் சமாதானம் செய்து அனுப்பினார். என்னைத் திட்டவில்லை. கோலை எடுத்து ஒரு வரிக்கு அடியில் வைத்தார். ரத்துக் கடிதம் எழுத்து மூலம் கம்பெனிக்குக் கிடைக்கும் நேரமே ரத்து நேரம். "திருப்பிச் சொல்லு" என்றார். சொன்னேன். ஒரு மாதம் முழுக்க, தினம் காலையில் பையை வைத்ததும் அந்த வரியைச் சொன்ன பிறகுதான் எனக்கு டீ வந்தது.

குமுளியில் கிளை திறந்தபோது என்னை அங்கே அனுப்பினார். ஏலக்காய் வியாபாரக் குடும்பங்கள் அப்போதுதான் கப்பல் சுற்றுலாவில் ஆசைப்படத் தொடங்கியிருந்தன. ஆபீசிலிருந்து சோதனைச் சாவடி ஐந்து நிமிட நடை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. போன புதிதில் கதவில் 'ஞாயிறு அவதி' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. கொல்லங்கோட்டில் நாங்களும் லீவை அப்படித்தான் சொல்வோம். கம்பத்திலிருந்து வந்த ஒரு அம்மா அதை வாசித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம மட்டும் அப்படி என்ன தாயி ஒனக்கு அவதி? மேலுக்கு முடியலையா?" என்று விசாரித்தார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுத் தாளைக் கிழித்தேன். அன்றைக்கே சுதாரித்திருக்க வேண்டும். சிரிப்போடு விட்டுவிட்டேன்.

பாண்டியனும் ராஜாத்தியும் வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. பாண்டியனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏலம், மிளகு, கிராம்பு விற்கும் சின்னக் கடை. இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அந்தக் குடும்பத்துக்கே வாசிக்கிற ஆள் ராஜாத்திதான். தினம் காலையில் கடையில் உட்கார்ந்து பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாக வாசிப்பாள். பக்கத்துக் கடைக்காரர்களும் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். ஐம்பதை நெருங்கும் வயது. கண்ணில் விழித்திரை நோய். பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும், நடுவில் தெரிவது மட்டும் தெளிவாக இருக்கும், அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று மதுரையில் டாக்டர் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் வயதில் இளையவர்களைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவோம். அவளிடம் அது நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடும்.

"கடல் பாக்கோணும்னா கொச்சிக் கரையில நின்னே பாக்கலாமுங்களே, கப்பல் எதுக்குங்க?" என்று கேட்டேன். வியாபாரத்துக்கு விரோதமான கேள்விதான். எனக்கு அப்படித்தான் வாய்.

"மலையிலயே பொறந்து மலையிலயே கெடக்கேன்க்கா. எங்கிட்டுத் திரும்புனாலும் ஒரு மலை வந்து மறைச்சுக்கிருது. கரையில நின்னா முதுகுக்குப் பின்னாடி ஊரு இருக்கும்ல? எதுவுமே மறைக்காத எடத்துல ஒருக்கா நின்னு சுத்திமுத்திப் பாத்துறணும். பாக்க முடியுறப்பவே பாத்துறணும்."

நிபந்தனைத் தாளை நான் வாசிக்கக் கையில் எடுத்தபோது அவளே வாங்கிக்கொண்டாள். முகத்துக்குக் கிட்டே பிடித்து, தாளை இடமும் வலமும் நகர்த்தி, கடைசி வரி வரை சத்தமாக வாசித்தாள். திருப்பிச் சொல்லுங்கள் என்றதும் அறுபது, முப்பது, பதினைந்து எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு என்னையே மடக்கினாள். "நாங்களா வேணாம்னா நாள் கணக்கு, சரி. அவங்களா வேணாம்னா?" கம்பெனியே பயணத்தை ரத்து செய்தால் பணத்தைத் திரும்ப வாங்கலாம், இல்லாவிட்டால் அதே மதிப்புக்கு இன்னொரு கப்பலில் போக கிரெடிட் வாங்கலாம் என்றேன். பாண்டியன் மனைவியைப் பார்த்த பார்வையில் பெருமை வழிந்தது.

அவர்கள் கப்பல் ஏற மூன்று வாரம் இருந்தபோது கொரோனா வந்தது. கம்பெனியே ரத்து செய்தது. ராஜாத்தி யோசிக்காமல் கிரெடிட்டைக் கேட்டாள். பணமாக வாங்கினால் கடைக்கு மிளகு வாங்கப் போய்விடும் என்றாள்.

கிரெடிட்டுக்கு வேறு சட்டங்கள். யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் போக முடியும். ஒரே தடவைதான் உபயோகிக்கலாம், மிச்சம் வராது. இரண்டு கெடு உண்டு. புக் செய்ய ஒரு கெடு, கப்பல் ஏற ஒரு கெடு. பலரும் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு முதலாவதில் தவறிவிடுவார்கள். கெடு நாளன்று மாலை கம்பெனி ஆபீஸ் மூடும் நேரத்தோடு கெடு முடிந்துவிடும். முடிந்தால் முடிந்ததுதான், எந்த மந்திரி சொன்னாலும் திரும்ப வராது.

கப்பல்கள் திரும்ப ஓடத் தொடங்கியதும் எல்லாக் கிளைகளிலிருந்தும் கிரெடிட் வைத்திருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பச் சொன்னார்கள். தமிழ்ச் செய்தி என் பொறுப்பு. கெடு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேதி. எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரியாகப் போட்டால் வேலை முடியும், தேதியை அவர்களே போனில் கேட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கிரெடிட் இன்னும் உயிரோடு இருக்கிறவர்களுக்கு இப்படி எழுதினேன்: 'உங்கள் பயணக் கிரெடிட் காலாவதியில் உள்ளது.' ராஜாத்தியின் நம்பருக்கும் போயிற்று. குமுளிப் பக்கத்தில் தமிழ் வாசிக்கிற குடும்பங்கள் இன்னும் மூன்று இருந்தன. அவர்கள் பதறிப்போய் போன் செய்தார்கள். "இருக்குதுங்க, இருக்குதுங்க" என்று வாயால் சொல்லி வைத்தேன். ஏன் பதறினார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள் இதை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமைதோறும் கெடு நெருங்குகிறவர்களின் பட்டியலைப் பார்ப்பேன். ஒரு திங்களன்று முதல் பேரே ராஜாத்தி. வியாழன் மாலை ஐந்து மணியோடு புக்கிங் கெடு முடிகிறது. செய்தி அனுப்பி ஐந்து மாதம் ஆகியும் அவர்களிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. கடைக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க பாண்டியண்ணா, கப்பலுக்குத் தேதி சொல்லவே இல்லீங்களே?"

"என்ன மேடம் புதுசாக் கேக்குறீங்க? அதான் செல்லாதுன்னு நீங்களே மெசேஜ் அனுப்பிட்டீங்கள்ல. வீட்டுல வாசிச்சுச் சொன்னா. சரி, ஊரே கொரோனாவுல கெடக்கு, நம்ம கப்பலுக்கு அழுக முடியுமான்னு விட்டுட்டோம்."

"இல்லீங்க! செல்லும்னுதான் அனுப்புனனுங்க. வியாழக்கிழம வரைக்கும் இருக்குதுங்க!"

அவர் போனை விலக்கி யாரிடமோ சொல்வது கேட்டது. "ஏ ராஜாத்தி, செல்லுமாம்ல."

மறுநாள் இருவரும் வந்தார்கள். ராஜாத்தி போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். என் செய்தியைப் பார்த்தேன். நான் எழுதியதுதான், ஒரு எழுத்து மாறவில்லை. "சரியாத்தானுங்க இருக்குது. செல்லும்னுதான் போட்டிருக்குது" என்றேன். என் கவலை முழுக்க வியாழக்கிழமை மேல் இருந்தது. அடையாள அட்டையின் நகல், இரண்டாவது ஊசி போட்ட சான்று, கப்பல் காலியாக இருக்கும் தேதிகள் என்று மண்டைக்குள் வண்டு குடைந்துகொண்டிருந்தது.

"எனக்கு வேற மாதிரித் தெரிஞ்சுச்சு" என்றாள் ராஜாத்தி.

பாண்டியன் அவள் தோளைத் தொட்டார். "கண்ணு அசந்திருக்கும். விடு."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் அவளும் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். அவள் போனைத் திரும்ப வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. என் கையிலிருந்து எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள். "இனி நீயே வச்சுக்கய்யா. எவன்ட்டயாச்சும் குடுத்து வாசிச்சுக்க" என்றாள். நானும் அவள் கண்தான் ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன். மனதார நம்பினேன்.

புதன்கிழமை மத்தியானம் எனக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்துக் கடையில் இல்லை. சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்து மருந்துக் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு: 'காலாவதியான மருந்துகள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' எத்தனையோ தடவை அதன் கீழே நின்றிருக்கிறேன். அன்று அது என்னைப் பார்த்தது.

"ஏனுங்க தம்பி, காலாவதின்னா என்னங்க?"

"தேதி முடிஞ்சது, செல்லாதது. ஏன்க்கா?"

"காலாவதியில் உள்ளது அப்படின்னு எழுதியிருந்தா?"

"தூக்கிக் குப்பையில போடுங்கன்னு அர்த்தம்" என்று சிரித்தான்.

மலையாளத்தில் காலாவதி என்றால் ஒன்று செல்லுபடியாகும் காலம். காலாவதிக்குள் இருக்கிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது என்று பொருள். கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டிலும் ரேஷன் கார்டுக்கும் லைசன்சுக்கும் அப்படித்தான் பேசினோம். தமிழில் அதே சொல்லுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். நான் செல்லும் என்று எழுதினேன், ராஜாத்தி செல்லாது என்று வாசித்தாள். அவள் வாசித்ததுதான் தமிழ். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மாத்திரையை வாங்காமலே திரும்பி நடந்தேன்.

உடனே கடைக்குப் போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் அதற்குப் பதில் சாக்குகளைத் தேடினேன். முதலில் புக்கிங் முடியட்டும். இப்போது சொன்னால் பாண்டியன் கத்துவார், வேலை கெடும். ஐந்து மாதம் முன்னாலேயே அவள் போயிருக்கலாம், அப்போது இன்னும் கொஞ்சம் அகலமாகப் பார்த்திருப்பாள் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? கப்பல்தான் எப்படியும் கிடைக்கப்போகிறதே, கண்ணைப் பற்றி அவள் என்ன நினைத்தால் என்ன என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்தேன் என்பதை எழுத எனக்குக் கூசுகிறது.

பாலக்காட்டுக்குப் போன் செய்தேன். ராவுத்தருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. வீட்டில்தான் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த மெசேஜ அனுப்பிச்சதும் திருப்பிச் சொல்லச் சொன்னியா?"

"இல்லீங்க மொதலாளி. எல்லாருக்கும் ஒரே நேரத்துல போச்சுங்க..."

"போகட்டும். இப்ப நீ எதுக்குப் பயப்படுற?"

"அந்தப் புள்ள எம்மூஞ்சியில முழிக்காதுங்க."

"அது ஒன்னோட பயம். அவளோட பயம் எதுன்னு யோசிச்சியா?"

நான் வாயெடுப்பதற்குள், "கண்ணு போச்சுன்னு நெனச்சிட்டிருக்கா. அத நீயில்ல சொல்லிக் குடுத்திருக்க? போய்த் திருத்து" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை கம்பெனியின் வலைத்தளம் காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்தது. நாட்டிலுள்ள கடைசி நாள் ஆட்கள் எல்லாரும் அதே வாசலில் முட்டிக்கொண்டிருந்தோம் போல. பேரைப் போடுவேன், கிரெடிட் நம்பரைப் போடுவேன், திரை வெளுத்துப்போகும். திரும்ப முதலிலிருந்து. போனில் கூப்பிட்டால் பாட்டு. மூன்று மணிக்கு என் புடவை முதுகில் ஒட்டிவிட்டது. பத்து வாரம் தள்ளி ஒரு கப்பலில் இடம் காட்டியது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டிக்கெட் விழுந்தது. மேஜையில் தலையைச் சாய்த்து அழுதேன். ஆபீசில் இருந்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கையெழுத்துப் போட இருவரும் வந்தார்கள். பாண்டியன் ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். டிக்கெட்டையும் நிபந்தனைத் தாளையும் ராஜாத்தி முன் வைத்தேன். அவள் அவற்றை என் பக்கமே தள்ளினாள்.

"நீங்களே சொல்லிருங்கக்கா. கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் காட்டுங்க."

பாண்டியன் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "மூணு நாளா பேப்பரே தொடல மேடம். வாசின்னா, தப்புத் தப்பா வாசிச்சு ஊரச் சிரிக்க வைக்கவான்றா. கடைக்கு வர்றவங்க கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "ராஜாத்தி, நீங்க சரியாத்தானுங்க வாசிச்சீங்க" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லீங்க. நாந்தான் தப்பா எழுதுனேன். நான் படிச்சது மலையாளம். எங்களுக்குக் காலாவதின்னா செல்லுற காலம். தமிழ்ல அது செல்லாததுன்னு எனக்கு முந்தாநாள்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் ரெண்டு நாளாச் சொல்லாம இருந்துட்டனுங்க. பயந்துட்டேன். அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே நீங்க போயிருக்கலாம். அதையும் நாந்தான் கெடுத்தேன்."

பாண்டியன் முகம் மாறியது. எழுந்தே விட்டார். ராஜாத்தி அவர் சட்டைப் பையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அப்படியே பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். செய்தியைத் தேடி, முகத்துக்கு அருகே பிடித்து, இடமும் வலமும் நகர்த்தினாள்.

"உங்கள்... பயணக் கிரெடிட்... காலாவதியில்... உள்ளது." நிறுத்தி, கணவரைப் பார்த்தாள். "நான் சரியாத்தான்யா வாசிச்சிருக்கேன்."

"ஆமா" என்றார் அவர்.

"கண்ணு அசந்திருச்சுன்னயே."

பாண்டியன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராஜாத்தி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தாளை இங்கே தா என்று கையை நீட்டினாள். நான் ராவுத்தரின் பழக்கத்தில் கோலை எடுக்கப் போனேன். "வேணாம்" என்றாள். முதல் வரியிலிருந்து தொடங்கினாள். நிபந்தனைகளை வாசித்தாள். கிரெடிட் சட்டத்தை வாசித்தாள். ஆபீசில் வேறு இருவர் வந்து நின்றார்கள், அவர்களையும் காத்திருக்க வைத்துவிட்டுக் கேட்டோம். பின்னால் பின் அடித்திருந்த டிக்கெட்டுக்கு வந்தாள். ஆங்கிலத்தில் இருந்த தன் பேரை எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.

"ஆர்... ஏ... ஜே... டி..." அங்கேயே நின்றாள். திரும்ப முதலிலிருந்து போனாள். "ஜேக்கு அடுத்து ஒரு ஏ வரும்லக்கா? இதுல இல்லையே."

வாங்கிப் பார்த்தேன். முந்தின நாள் அவசரத்தில் ஒரு எழுத்தை விழுங்கியிருந்தேன். அடையாள அட்டையில் ஒரு பேர், டிக்கெட்டில் ஒரு பேர். துறைமுகத்தில் ஏற விடமாட்டார்கள். எழுத்துப் பிழையைப் புக் செய்த இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இலவசமாகத் திருத்தலாம். அதைத் தாண்டினால் ஆள் மாற்றம், ஆள் மாற்றம் என்றால் ரத்து. கிரெடிட் ஒரே தடவைதான். கெடுவோ நேற்றே போய்விட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால். இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, எழுத்து மூலம் கம்பெனிக்கு அனுப்பினேன். திருத்திய டிக்கெட் இரண்டு மணிக்கு வந்தது. அதுவரை இருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை டிக்கெட்டை அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். "திருப்பிச் சொல்லுங்க கண்ணு" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவள் சிரித்தாள்.

போய் வந்தார்கள். கடல் எப்படி இருந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளாகத்தான் சொன்னாள். "முழுசா ஒரே நேரத்துல பாக்க முடியலக்கா. குழாய் வழியாப் பாத்த மாதிரி துண்டு துண்டாத்தான். நான் விடல. மேல்தளத்துல நின்னு கொஞ்சங் கொஞ்சமாத் திரும்பித் திரும்பி ஒரு சுத்துச் சுத்தி முடிச்சுட்டேன். ஒரு துண்டுலயும் மலை இல்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு மாசம் முன்னாடின்னா இன்னும் சுருக்கா முடிஞ்சிருக்கும்" என்றாள். அது குத்தலா, சும்மா சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

இப்போது அவளுக்கு எழுத்துத் தெரிவதில்லை. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது. போன் சத்தமாக வாசித்துக் காட்ட, அவள் கேட்டுக்கொள்கிறாள். அதையே கடையில் மற்றவர்களுக்கு ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்கிறாளாம்.

நிஷா அனுப்பிய, கம்ப்யூட்டர் எழுதிய அந்த நாலு வரியை நான் திருத்தவில்லை. எனக்கு என் தமிழ்மேல் நம்பிக்கை இல்லை. ஒரு விளக்கமும் எழுதாமல் ராஜாத்திக்கு அப்படியே அனுப்பினேன். கால் மணி நேரத்தில் போன் வந்தது. எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை.

"யக்கா, இந்தக் கிரெடிட்டு செல்லுமா, செல்லாதா? இதையும் நீங்கதான் எழுதுனீங்களா?"